க்ரூஸ் கன்ட்ரோல்

ஓட்டுநர் குறித்துக் கொடுத்த வேகத்தை, ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலேயே வண்டி தானாகக் காத்துக்கொள்ளச் செய்யும் அமைப்பு. நெடுஞ்சாலைக்கென்றே பிறந்தது, நகரத்துக்குள் அதற்கு வேலை குறைவு. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை நடைமுறைப்படுத்திய வரம்பின்படி, குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியும் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பெரும்பாலான கார்களில் இந்த அமைப்பு செயல்படத் தொடங்குவதே 30, 40-க்கு மேல்தான். ஆகவே ஆதம்பாக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் காரில் அந்தப் பொத்தான் சும்மா கிடக்கும். கத்திப்பாராவைக் கடந்து, ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், வண்டலூர் நெரிசலையும் தாண்டிச் செங்கல்பட்டை நெருங்கும்போதுதான் அதற்கு உயிர் வரும்.

இதன் மூதாதை நீராவி எஞ்சினில் இருக்கிறது. ஜேம்ஸ் வாட் 1788-ல் பொருத்திய கவர்னரில் இரண்டு குண்டுகள் சுழலும். எஞ்சின் வேகமெடுத்தால் அவை விரிந்து நீராவியைக் குறைக்கும், வேகம் தளர்ந்தால் கூடிவந்து அதிகமாக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில கார்களிலும் இதே குண்டுகள் இருந்தன. ஆனால் இன்றுள்ள அமைப்பின் தந்தை என்று சொல்லத்தக்கவர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் (1890–1982). ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது, தான் பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், பிறர் பேசக் கேட்டால் கூட்டுவாராம். பக்கத்தில் அமர்ந்து குலுங்கிய எரிச்சலில்தான் யோசனை பிறந்தது என்பார்கள். கதை சற்று மெருகேறியிருக்கலாம். காப்புரிமை 1950-ல் கிடைத்தது. கிரைஸ்லர் நிறுவனம் 1958-ல் தன் உயர்ரகக் கார்களில் இதை 'ஆட்டோ பைலட்' என்று விற்றது. ஆனால் கேடிலாக் வைத்த 'க்ரூஸ் கன்ட்ரோல்' என்னும் பெயரே நிலைத்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா மணிக்கு 55 மைல் என்று வரம்பு கட்டியபோது, அபராதத்துக்கும் பெட்ரோல் செலவுக்கும் அஞ்சிய பலருக்கு இது தேவையாகிப்போனது.

இந்தியாவில் பெருவாரியான கார் ஓட்டுநர்களுக்கு முன்பே ரயில் ஓட்டுநர்களுக்கு இந்த வசதி கிடைத்துவிட்டது. 1990-களின் நடுவில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த டபிள்யூஏபி-5, டபிள்யூஏஜி-9 மின் எஞ்சின்களில், ஓடும் வேகத்தை அப்படியே நிறுத்திவைக்க 'பிபிசிஎஸ்' என்னும் பொத்தான் உண்டு. த்ராட்டிலையோ பிரேக்கையோ தொட்டால் விலகிவிடும். சாலையில், 2011-ல் வந்த மகிந்திரா எக்ஸ்யூவி500 போன்ற வண்டிகள் இதை நடுத்தரக் குடும்பங்களிடம் கொண்டுவந்தன. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ், 2023-ல் தன் அப்பாச்சி ஆர்டிஆர் 310 பைக்கிலேயே வைத்துவிட்டது.

வேலை செய்யும் விதம் எளிது. கேட்ட வேகத்துக்கும் ஓடும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டுப்பாட்டுக் கணினி நொடிக்குப் பலமுறை அளந்து, அதற்கேற்ப த்ராட்டிலைத் திறக்கும். அது மட்டும் போதாது: மேம்பாலத்தில் ஏறும்போது 80 கேட்டால் 77-லேயே தங்கிவிடும். ஆகவே குறை எவ்வளவு நேரமாக நீடிக்கிறது என்பதையும் கூட்டிக்கொண்டே போய், அதற்கும் சேர்த்துத் திறக்கும். பழைய கார்களில் வெற்றிட விசையும் கேபிளும் த்ராட்டிலை இழுத்தன. இன்று ஒரு சிறு மோட்டார்.

ஆனால் இதில் வடிவமைப்பாளர்கள் அதிகம் கவலைப்பட்டது வேகத்தைப் பிடிப்பதைப் பற்றியல்ல, விடுவதைப் பற்றி. சந்தேகம் வந்தால் விலகிக்கொள் என்பதே அதற்கு இட்ட கட்டளை. 'க்ரூஸ் வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் பல, அது சொன்ன சொல் கேட்டு நடப்பதன் விளைவுதான்.

முதலில் பார்க்க வேண்டியது பிரேக் லைட் சுவிட்ச். பெடலுக்கு மேலே இருக்கும் இந்தச் சிறு பொருளில் பொதுவாக இரண்டு தொடர்புகள். ஒன்று திறந்தால் மற்றது மூட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் கணினி க்ரூஸை அனுமதிக்காது. பின்னால் ஒருவரை நிறுத்தி, விளக்கு எரிகிறதா, காலை எடுத்த பிறகு அணைகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பின்விளக்கில் எல்இடி பல்பு மாற்றியதால் சில மாடல்கள் முரண்டுபிடிப்பதும் உண்டு. கியர் வண்டியில் கிளட்ச் பெடலுக்கும் இதேபோல் சுவிட்ச் இருக்கும். பிறகு ஃபியூஸ். ஸ்டீயரிங் பொத்தான்களோடு ஹாரனும் செத்து ஏர்பேக் விளக்கும் எரிந்தால், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். ஏர்பேக்கைக் கழற்ற வேண்டிய வேலை என்பதால் வீட்டில் கைவைக்கக் கூடாது. ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பெரும்பாலும் குற்றவாளி சக்கர வேக சென்சார். மழைநீர் தேங்கும் நம் பக்கத்தில் இது அதிகம் காணும் தொல்லை. மழை என்றால் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறார்கள். 2024 அக்டோபரில் நாடே பார்த்தது. தேங்கிய நீரில் நின்ற வண்டியின் கனெக்டர்களில் பச்சை பூத்து, கோளாறு பல வாரம் கழித்துத் தலைகாட்டும். ஸ்கேனர் எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடும்.

விடும் சுவிட்சே வினையாகிப்போனதும் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு கார்களில் க்ரூஸைத் துண்டிக்கும் சுவிட்சுக்குள் பிரேக் ஆயில் கசிந்து, நிறுத்தியிருந்த வண்டிகள்கூடத் தீப்பிடித்தன; 1999 முதல் 2009 வரை கட்டம் கட்டமாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் 'அடாப்டிவ்' வகை 1990-களில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் தோன்றியது. இங்கே பரவலாகப் பேசப்பட்டது 2021-ல், எக்ஸ்யூவி700 வந்த பிறகு. அதை உருவாக்கிய மகிந்திரா ரிசர்ச் வேலி செங்கல்பட்டுக்கு அருகில், இதே ஜி.எஸ்.டி. சாலையோரம் இருப்பது பொருத்தம்தான். மணிக்கு 80-ல் இரண்டு நொடி இடைவெளி என்பது ஏறக்குறைய 44 மீட்டர். அவ்வளவு இடம் விட்டால் நம் ஊரில் ஒரு ஷேர் ஆட்டோ நுழையும், கார் பின்வாங்கும், அடுத்து ஒரு பைக் நுழையும். இதைக் கோளாறு என்று சர்வீஸுக்கு எடுத்துப்போவதில் பயனில்லை. அசையாமல் நிற்கும் பொருள்களை ரேடார் பல நேரம் ஒதுக்கிவிடும் என்பது இன்னும் முக்கியம். இல்லாவிட்டால் ஒவ்வொரு பலகைக்கும் பிரேக் போடும். சாலையோரம் பழுதாகி நிற்கும் லாரியை அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது.

இவ்வகையில் பழுது பெரும்பாலும் வெளியே இருக்கும்: ரேடார் மூடியில் சேறு, கண்ணாடிக் கேமராவின் முன் ஒட்டிய ஃபிலிம், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையில் ஆசைப்பட்டு மாட்டிய பம்பர் கார்டு. அந்த கார்டை மத்திய அரசு 2017-லேயே தடை செய்துவிட்டது. பம்பரோ முன்கண்ணாடியோ மாற்றியிருந்தால் ரேடாரையும் கேமராவையும் மறுபடி அளவீடு செய்ய வேண்டும். அதுவரை, மழைச்சாலையில் செய்ய வேண்டியதைப் போலவே, க்ரூஸை அணைத்துவிட்டுக் காலால் ஓட்டுவதே சரி.