சூளாமணிவர்மன் நாட்டு ஆசிரியர்: திபெத்திய வரலாற்றின் தென்கடல் வேர்

திபெத்தின் அரசியலையும் சமயத்தையும் ஆராய்வோர் பெரும்பாலும் இமயத்தின் இரு சரிவுகளிலேயே சான்று தேடுகின்றனர். லாசா, பீஜிங், தர்மசாலா என்ற ஊர்களுக்குள்ளேயே அவர்களுடைய வரலாறு நடந்து முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த வரலாற்றின் தலையாய திருப்பங்களில் ஒன்றுக்கு மலாய்க் கடலில் வேர் உண்டு. அதற்கான ஆதாரம் திபெத்திய நூல்தொகுதியிலேயே கிடைக்கிறது. அதைச் சரிபார்க்கும் ஆதாரம் சோழர் செப்பேட்டில் கிடைக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைத் திபெத்தியருக்கும் மலாய்க்காரருக்கும் தமிழருக்கும் தனித்தனியே பிரித்துக் கொடுத்துப் படிப்பதனால் மூவருடைய வரலாறும் குறைபட்டுப் போகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஜொகூரிலிருந்து இதை எழுதுவதற்கும் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

திபெத்தியத் தெங்யூர்த் தொகுதியில் ‘துர்போதாலோகம்’ என்ற உரைநூல் உள்ளது. பௌத்தப் பேரறிவு மார்க்கத்தின் படிநிலைகளைக் கூறும் ‘அபிசமயாலங்காரம்’ நூலுக்கு எழுந்த விளக்கம் இது. வடமொழி மூலம் மறைந்துவிட்டது; எஞ்சியிருப்பது திபெத்திய மொழிபெயர்ப்பு. ஆசிரியர் சுவர்ணதீவத்துத் தர்மகீர்த்தி. 7ஆம் நூற்றாண்டுத் தருக்க நூலாசிரியரான தர்மகீர்த்தி வேறு, இவர் வேறு. திபெத்தியர் இவரைச் செர்லிங்பா என்று அழைக்கின்றனர். ஸ்ரீ சூளாமணிவர்மதேவன் ஆட்சியில், சுவர்ணதீவத்து ஸ்ரீவிஜய நகரில் நூல் இயற்றப்பட்டதாக இறுதிக் குறிப்பு சொல்கிறது. பனிமலை மடங்களில் படியெடுக்கப்பட்டு வந்த ஒரு நூலின் கடைசி ஏட்டில் சுமத்திரா மன்னன் ஒருவன் பெயர் சிதையாமல் நிற்கிறது.

அதே பெயர் ஆனைமங்கலம் செப்பேட்டிலும் வருகிறது. அது நெடுங்காலம் நெதர்லாந்தின் லெய்டனில் இருந்தது. ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீ மாரவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுத்த விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலத்தின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக விட்ட செய்தி அதில் உள்ளது. சீனத்துச் சோங் அரசவைக் குறிப்புகள் மூன்றாவது சாட்சி. 1003இல் தூதனுப்பிய ஸ்ரீவிஜய மன்னன் பெயரை அவை தந்தையுடையதாகவும், 1008இல் மகனுடையதாகவும் காட்டுகின்றன. தொடர்பற்ற மூன்று மொழிகளின் ஆவணங்கள் ஒரே ஆளைச் சுட்டும்போது ஐயத்துக்கு இடமில்லை. இதிலிருந்து ஒரு முடிவும் கிடைக்கிறது: 1008க்குள் ஆட்சி மகன் கைக்கு வந்துவிட்டதால், துர்போதாலோகம் அதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதாவது, வங்கத்துப் பௌத்தத் துறவி அதிசர் செர்லிங்பாவிடம் கற்கக் கப்பலேறி வந்தபோது, அவர் நாடி வந்த ஆசிரியர் ஏற்கெனவே புகழ்பெற்ற உரையாசிரியர்.

அதிசர் என்று அறியப்படும் தீபங்கர ஸ்ரீஞானர் 982இல் வங்கத்தில் பிறந்தவர். ஏறத்தாழ 1012இல் வணிகரோடு கடலேறினார். பயணம் பதின்மூன்று மாதம் நீடித்தது என்றும், செர்லிங்பாவிடம் பன்னிரண்டு ஆண்டு கற்றார் என்றும் திபெத்திய மரபு கூறுகிறது. அவர் கற்றதன் சாரம் போதிசித்தம்: தன் நலத்தையும் பிறர் நலத்தையும் இடம் மாற்றி வைத்துப் பழகும் மனப்பயிற்சி. தத்துவத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒரே கட்சியினர் அல்லர். செர்லிங்பா விஞ்ஞானவாதச் சார்புடையவர், அதிசர் மாத்தியமிகர். இருந்தும், தம் ஆசிரியர்களுள் இவரையே எல்லாருக்கும் மேலாக அதிசர் வைத்தார். இவர் பெயரைச் சொல்லும்போதே கைகூப்பிக் கண்ணீர் வடித்தார் என்று மரபு சொல்கிறது. கொள்கை வேறுபாட்டுக்கு அப்பால் நின்ற இந்த மதிப்பை நான் இம்மரபின் மிக உயர்ந்த பகுதியாகக் கருதுகிறேன்.

இந்தக் கல்வி திபெத்துக்குப் போனது அரசியல் தேவையால்தான். 842இல் லாங்தர்மா கொல்லப்பட்டபின் திபெத்தியப் பேரரசு சிதறியது. மடங்களுக்கு ஆதரவில்லை, விநய ஒழுங்கு தளர்ந்தது, தந்திர நெறியின் பெயரால் அவரவர் விரும்பியதைச் செய்தனர். அரச மரபின் ஒரு கிளை மேற்கே கூகே நாட்டில் ஆட்சி அமைத்தது. அதன் மன்னர் யேஷே-ஓ ரின்சென் சாங்போ முதலானோரைக் காசுமீரத்துக்குக் கல்வி பெற அனுப்பினார்; 996இல் தோலிங் மடத்தை நிறுவினார். சிதறிய நாட்டில் தம் குலத்தின் உரிமையை நிலைநாட்ட அவர்களுக்குப் படையைவிடச் சமய ஒழுங்கே பயன்பட்டது. பின்வந்த ஜாங்சுப்-ஓ அழைப்பின்பேரில் அதிசர் விக்கிரமசீலத்தை விட்டு 1042இல் கூகே சேர்ந்தார். துறவொழுக்கம், மகாயானக் கருணை, தந்திரம் மூன்றுக்கும் இடமும் வரிசையும் வகுக்கும் ‘போதிபதப்பிரதீபம்’ என்ற சிறுநூலை அரசன் வேண்டுகோளுக்கு இணங்கியே அவர் எழுதினார். அளவில் சிறிய அந்நூலை நான் சமய நூலாகவும் அரசியல் ஆவணமாகவும் சேர்த்தே படிக்கிறேன். துர்போதாலோகத்தை ரின்சென் சாங்போவுடன் சேர்ந்து திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்தவரும் அதிசரே.

மேற்கொண்டு நடந்தது பலரும் அறிந்தது. 1054இல் அதிசர் மறைந்தார். அவர் மாணவர் துரோம்தோன் 1057இல் ரேதிங் மடத்தை நிறுவினார். கதம்ப மரபு வளர்ந்தது. 1402இல் சோங்கபா அதிசரின் சிறுநூலை அடியாகக் கொண்டு ‘லாம்ரிம்’ பெருநூலை எழுதி, 1409இல் கந்தன் மடத்தை எழுப்பினார். அவர் வழிவந்த கெலுக் மரபின் முன்னணி லாமா ஒருவருக்கு 1578இல் மங்கோலிய அல்தான் கான் தலாய் லாமா என்ற பட்டம் அளித்தார். 1642இல் குஷ்ரி கான் துணையோடு ஐந்தாம் தலாய் லாமா நாட்டையே ஆளத் தொடங்கினார். அந்த அதிகாரத்துக்குப் படைபலம் தந்தது மங்கோலியர்; தகுதி தந்தது ஆசிரியர் வழி. அந்த வழியைப் பின்னோக்கித் தொடர்ந்தால் ஸ்ரீவிஜய நகரில் வந்து நிற்கிறோம்.

1025இல் என்ன நடந்தது என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிசர் வங்கம் திரும்பிய காலத்தை ஒட்டியே இராசராசன் மகன் இராசேந்திரனின் கப்பற்படை இக்கடலுக்கு வந்தது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் என வீழ்ந்த இடங்களை மெய்க்கீர்த்தி அடுக்குகிறது. அவற்றுள் பண்ணை, சுமத்திராவின் பாடாங் லாவாஸ் வட்டாரம் என்று கருதப்படுகிறது; வச்சிரயானக் கோயில்களின் இடிபாடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. கடாரம் கொண்டதைப் பள்ளிப் பாடமாகவும் மேடைப் பேச்சாகவும் நாம் கொண்டாடுகிறோம். தாக்கப்பட்ட துறைமுகங்களில் எத்தகைய கல்வி நடந்துகொண்டிருந்தது என்று அந்தப் பேச்சுகளில் யாரும் கேட்பதில்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது.

ஜொகூர் இங்கேதான் பேசுகிறது. துன் ஸ்ரீ லானாங் ஜொகூர் சுல்தானகத்தின் பெண்டஹாரா. 1612இல் அவர் தொகுத்ததாகக் கொள்ளப்படும் ‘செஜாரா மெலாயு’, கெலிங் நாட்டுப் பேரரசன் ஒருவன் படையோடு வந்து கங்கா நகரத்தை வென்றதையும், பின்னர் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டை கொண்ட கெலாங்கியை அழித்ததையும் விரித்துச் சொல்கிறது. ராஜா சூரான், ராஜா சூலான் என்ற அதன் பெயர்களில் சோழர் நினைவு படிந்திருப்பதை ஆய்வாளர் பலர் ஏற்கின்றனர். கோத்தா திங்கிக்கு மேலே, சிங்கப்பூருக்கும் பயன்படும் லிங்கியூ நீர்த்தேக்கம் அந்தக் கோட்டையின் பெயரைச் சுமப்பதாகக் கருதப்படுகிறது. 2005இல் இக்காட்டில் ஸ்ரீவிஜய நகரம் புதைந்திருப்பதாகச் செய்தித்தாள்கள் பரபரப்பாக எழுதின. அதை உறுதிப்படுத்தும் அகழாய்வுச் சான்று எதுவும் வெளிவரவில்லை. இராசேந்திரனின் பட்டியலிலும் ஜொகூர் ஆற்றங்கரை ஊர் என்று உறுதியாகச் சொல்லத்தக்க பெயர் இல்லை. ஆகவே கெலாங்கியைச் சோழன் வென்ற நகராகவோ, செர்லிங்பா வாழ்ந்த இடமாகவோ காட்டுவது ஆய்வாகாது. கோட்டை இருந்ததோ இல்லையோ, தென்னிந்தியப் படையெடுப்பு ஏறத்தாழ 600 ஆண்டு கழித்தும் இந்த ஆற்றங்கரை அரசவையில் சொல்லத்தக்க நினைவாக வாழ்ந்தது என்பது உறுதி. தோற்றவர் தரப்பின் சான்று அது. அதைப் படிக்காமல் 1025ஐ எழுத முடியாது.

ஆனால் படையெடுப்பு பௌத்தத் தொடர்பை வேரறுத்தது என்ற கூற்றையும் நான் ஏற்கவில்லை. இராசேந்திரனே நாகப்பட்டின விகாரத்துக்குத் தந்தை விட்ட கொடையைச் சாசனமாக்கியவன். கடாரத்தின் மீது படை செலுத்திய பின்னும் அந்தப் பள்ளி நிலைத்தது. 1090இல் கடாரத்து அரசனின் தூதர்களாக இராசவித்தியாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, பள்ளிக்குரிய ஊர்களின் வரிவிலக்கை உறுதிசெய்து செப்பேடு பெற்றுச் சென்றனர். விகாரத்தின் எச்சமாகக் கருதப்படும் கோபுரம் 1867இல், சோழரும் ஸ்ரீவிஜயரும் மறைந்து பல நூற்றாண்டு கழித்து, ஆங்கிலேய அரசின் அனுமதியோடு இடிக்கப்பட்டது.

துறைமுகங்களும் அரசுகளும் போனபின் செர்லிங்பாவின் கல்வி திபெத்தில் தங்கியதற்குக் காரணம், அது ஒரு தலைநகரைச் சார்ந்திராமல் மடத்துக்கு மடம் ஆசிரியர் வழியாகக் கைமாறியதுதான். 1959இல் லாசா கைவிட்டுப் போனபோதும் அந்த அமைப்பே கைகொடுத்தது. சேரா மடம் கர்நாடகத்தின் பைலகுப்பேயிலும், கந்தனும் திரேபுங்கும் முண்ட்கோடிலும் மீண்டும் எழுந்தன. 2011இல் தலாய் லாமா தம் அரசியல் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரிடம் ஒப்படைத்தார். 1642இல் இணைந்த இரண்டு பொறுப்புகள் அத்துடன் பிரிந்தன. அபிசமயாலங்காரம் இம்மடங்களில் இன்றும் முதன்மைப் பாடம்; அதற்குத் தென்கடலில் எழுந்த உரையைத் தமிழில் ஆராய்ந்து பதிப்பிக்கும் வேலை நமக்காகக் காத்திருக்கிறது.