பைய வரும் சத்தம்

போன மார்கழியில் களியக்காவிளையிலிருந்து பெரியம்மா மகன் கூப்பிட்டான். சர்ச் கொயருக்கும் கோயில் கொடைக்கும் பாட்டு பண்ணிக் கொடுப்பவன். ட்ராக் போடுவது, குரல் எடுப்பது, மிக்ஸிங் எல்லாமே வீட்டின் பின்னறையில் ஒரு பழைய லேப்டாப்பில். சிட்டி விழுந்து கையில் தொண்ணூறாயிரம் இருந்தது. பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டர் கூட்ட வேண்டும். “நீ கம்ப்யூட்டர்லதானே அண்ணே சோலி பாக்க, ஒரு லிஸ்ட் போட்டுத் தா.”

அரைமணி நேரத்தில் போட்டு அனுப்பினேன். பன்னிரண்டு கோர் ப்ராசஸர், நல்ல கிராபிக்ஸ் கார்டு, வேகமான ராம். பெங்களூரில் எங்கள் ஆபீஸில் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்போம். அவன் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

“எல்லாம் செரி அண்ணே. இதுல கீ அடிச்சா சத்தம் ஒடனே வருமா, பைய வருமா?”

பைய என்றால் எங்கள் பக்கம் மெதுவாக, நிதானமாக. பஸ் பைய வரும், மழை பைய பெய்யும். இங்கே அவன் சொன்னது வேறு. இப்போதிருக்கும் லேப்டாப்பில் கீபோர்டு கட்டையை அழுத்தினால் ஒரு இமைப்பு கழித்துத்தான் சத்தம் வருகிறது, வாசிக்கவே முடியவில்லை. பத்து வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிற எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதைத் தேடிப் போனபோது 1986க்கு வந்து சேர்ந்தேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு கே. பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ வந்தது. இளையராஜா இசை. நம் திரையிசையில் கணினி நுழைந்த இடமாக அந்தப் படத்தைத்தான் சொல்வார்கள். கணினியின் பெயர் யமஹா சிஎக்ஸ்5எம். அப்போது இளையராஜாவிடம் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர்களில் திலீப் என்ற பத்தொன்பது வயதுப் பையனும் உண்டு. பின்னால் ஏ.ஆர். ரஹ்மான்.

அந்த இயந்திரத்தின் விவரங்களைப் படித்தபோது சிரிப்பு வந்தது. இசட்80 ப்ராசஸர், வேகம் 3.58 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 32 கிலோபைட். இன்று பல வாட்ஸ்அப் ஸ்டிக்கர்கள்கூட அதில் அடங்காது. நான் தம்பிக்கு எழுதிக் கொடுத்த ராம் 32 ஜிகாபைட், அதாவது பத்து லட்சம் மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஆனால் சிஎக்ஸ்5எம்மில் கீ அடித்தால் சத்தம் பைய வராது.

காரணம் எளியது. அதில் கணினி சத்தத்தை உண்டாக்கவே இல்லை. உண்டாக்கியது ஒரு தனி சில்லு. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967இல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஒரு அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையால் மிக வேகமாக ஆட்டினால், மணி, பித்தளை, மரம் என்று புதுப்புதுக் குரல்கள் பிறக்கின்றன. எஃப்எம் ரேடியோவின் அதே கணிதம்தான். அந்த உரிமத்தை யமஹா வாங்கியது, 1983இல் டிஎக்ஸ்7 கீபோர்டாக உலகம் முழுக்க விற்றது. சிஎக்ஸ்5எம்முக்குள் இருந்தது அதன் சின்னத் தம்பி. ஒரே நேரத்தில் எட்டு சுரம், அவ்வளவுதான். கணினியின் வேலை அந்தச் சில்லிடம் ‘இப்போது ஸ, இப்போது ப’ என்று சொல்வது மட்டும். தாளக்காரன் கைதட்டிக் காட்டுவதுபோல. தட்டுவதற்கு 3.58 மெகாஹெர்ட்ஸ் தாராளம்.

அதே 1983இல் மிடி வந்தது. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி. நொடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்தைச் சொல்ல ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். பத்து விரலால் ஒரு கார்டை அழுத்தினால் பத்தாவது சுரம் போய்ச் சேர பத்து மில்லி செகண்ட். கேட்க மோசமாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே அளவுதான் ஆகும், அதைக் காது பழகிக்கொள்ளும். அடாரி எஸ்டி என்ற 1985ஆம் வருடக் கணினியில் மிடி துளைகள் கூடவே வந்தன. அதில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும், குறுக்கே யாரும் வர முடியாது. அதனாலேயே இங்கிலாந்தில் ஃபேட்பாய் ஸ்லிம் போன்றவர்கள் கணினிகள் எவ்வளவோ மாறிய பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. ரஹ்மானின் அப்பா ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களின் இசைக்காரர். எங்கள் ஊரில் ரேடியோ முள்ளை ஒரு பக்கம் திருப்பினால் திருநெல்வேலி, மறுபக்கம் திருவனந்தபுரம். அந்த மறுபக்கத்தில் 1964இல் வந்த ‘பழசிராஜா’ பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். சேகர் 1976இல் இறந்தார். அவர் விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. கருவி சோறு போடும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்த பையன் 1989இல் கோடம்பாக்கத்து வீட்டின் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவைக் கட்டினான். 1992 ஆகஸ்ட் 15இல் ‘ரோஜா’. அடுத்த மாதமே மலையாளத்தில் ‘யோதா’.

பாட்டு பண்ணும் முறையே அங்கிருந்து மாறியது. பிரசாத் ஸ்டுடியோவில் வயலின்கள் வரிசையாக உட்கார, இளையராஜா எழுதிய நொட்டேஷனை எல்லோரும் ஒன்றாக வாசித்தது ஒரு காலம். பஞ்சதனில் ஒவ்வொருவராக வந்தார்கள், ராத்திரியில், தனித்தனியாக. வாசித்ததில் எது வேண்டுமோ அது கணினிக்குள் இருந்தது. ரஹ்மான் கேசட் அட்டையில் வாசித்தவர்களின் பெயரை அச்சிட்டார், அது பெரிய மரியாதை. ஆனால் அட்டையில் பெயர் வரும் அளவுக்கு ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்றும் அதைப் படிக்கலாம். மற்றவர்கள் அதே செயலை மலிவாகச் செய்யத் தொடங்கியபோது, கோடம்பாக்கத்தில் வயலின் பெட்டியோடு காலையில் கிளம்பியவர்களுக்கு வேலை போனது. நான் ரஹ்மான் கேட்டு வளர்ந்த தலைமுறை. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, சத்தம் எப்போது பைய வர ஆரம்பித்தது? சில்லு செய்த வேலையைக் கணினியே செய்யத் துணிந்தபோது. 1996இல் ஸ்டைன்பெர்க் கம்பெனி விஎஸ்டி கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள பெட்டிகள் செய்ததை நிரல்கள் செய்யத் தொடங்கின. ஆனால் நிரல் சத்தத்தைக் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். நொடிக்கு 48,000 எண்கள். ஒவ்வொன்றாகக் கொடுக்க முடியாது, ஒரு வாளி நிரப்பிக் கொடுக்கும். அந்த வாளிக்குத்தான் பஃபர் என்று பெயர். விண்டோஸ் தன் பங்குக்கு இன்னொரு வாளியை நடுவில் வைத்திருந்தது. அதைத் தாண்டிப் போக 1997இல் அதே கம்பெனி ஏசியோ என்ற குறுக்குவழியை வெட்டியது.

தம்பியின் லேப்டாப்பில் வாளி 1024. கணக்குப் போட்டால் 21 மில்லி செகண்ட். ஒலி அந்த நேரத்தில் ஏழு மீட்டர் போகும். அதாவது அவன் கீபோர்டு இங்கே, ஸ்பீக்கர் பக்கத்து வீட்டில். வாளியைச் சின்னதாக்கினால் லேப்டாப் நிரப்ப முடியாமல் தடுமாறி ‘டப் டப்’ என்று வெடிக்கிறது.

என் முதல் லிஸ்ட் ஏன் தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் சர்வர்களில் சராசரியைப் பார்ப்போம். ஆயிரம் கோரிக்கையில் ஒன்று தாமதமானால் யாரும் அழமாட்டார்கள். இங்கே அந்த ஒன்றுதான் ‘டப்’. பன்னிரண்டு கோரைவிட, ஒற்றைக் கோர் வேகமாக இருப்பது முக்கியம், ஏனென்றால் ஒரு ட்ராக்கில் வரிசையாகக் கோர்த்த கருவியும் எஃபெக்டும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட முடியும். வைஃபை ட்ரைவர் நடுவில் புகுந்து மூன்று மில்லி செகண்ட் பிடித்துக்கொண்டால் எவ்வளவு கோர் இருந்தும் பயனில்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு இங்கே சோலியே கிடையாது.

லிஸ்டைத் திருப்பி எழுதினேன். ஆறு கோர், ஆனால் வேகமானது. ராம் 32 அப்படியே, சாம்பிள்கள் அதில்தான் உட்காரும். இரண்டு எஸ்எஸ்டி. மைக் அதே அறையில் இருப்பதால் பெரிய, மெதுவாகச் சுற்றும் விசிறி. கிராபிக்ஸ் கார்டில் மிஞ்சிய காசுக்கு ஏசியோ ட்ரைவர் ஒழுங்காக உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், யுபிஎஸ். ஐப்பசி இடி தெரிந்த எவனும் யுபிஎஸ் இல்லாமல் எங்கள் ஊரில் எதையும் பிளக்கில் சொருகமாட்டான்.

பொங்கலுக்குப் போனபோது கூட்டி முடித்தோம். பெரியப்பா வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். முதலில் அவரை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினோம். நாலு அடி அடித்துவிட்டு நிறுத்தினார்.

“எனக்க பொறத்தால எவம்லே அடிக்கான்?”

நான்தான் வாளியை 1024இலேயே விட்டிருந்தேன். 64க்கு மாற்றினோம். மறுபடி மட்டையை எடுத்தார். இந்த முறை நிறுத்தவில்லை, சுடலைமாடன் கதையில் ஒரு வரத்துப் பாட்டுக்குரிய நடை முழுவதையும் அடித்து முடித்தார்.

பிறகு தம்பி இன்னொன்று கேட்டான். ஒவ்வொரு அடியாகத் தனித்தனியே வேண்டும். லேசாக, நடுத்தரமாக, பலமாக. குடத்தின் வாயில், வயிற்றில். கீபோர்டில் ஏற்றிவைத்தால் எந்தப் பாட்டுக்கும் போடலாம். பெரியப்பா அரைமணி நேரம் பொறுமையாகத் தட்டிக் கொடுத்தார். கடைசி அடி அடங்கியதும் கேட்டார்:

“அப்ப இனி நான் வராண்டாம், இல்லியா?”

தம்பி மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, “கொடைக்கு நீதானப்பா போவே” என்றான். பெரியப்பா குடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். தம்பி ஃபைலுக்குப் பெயர் கேட்டது திரை. ‘அப்பா குடம் 1’ என்று தட்டச்சு செய்தான்.