இண்டர்வெல் விட்டா வேகம் கூடுமா?

இண்டர்வெல்னு சொன்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது தியேட்டர் கேண்டீன், முறுக்கு, டீ. சைக்கிள் ரேஸ் ஓட்டுறவங்களுக்கு அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம். கொஞ்ச நேரம் உயிரைக் கொடுத்து மிதிக்கணும், கொஞ்ச நேரம் மெதுவா உருட்டணும், திரும்பவும் மிதிக்கணும். ரேஸ் சீசனுக்கு ஆறு, எட்டு வாரம் முன்னாடி உலகம் பூரா ரோடு ரேஸ்காரர்கள் செய்யும் பயிற்சி இது.

நான் இருக்கிறது தேங்காய்த்திட்டு. ஹார்பர் பக்கம் விடிகாலையில் சைக்கிளில் பறக்கும் பசங்க சிலரைத் தெரியும். போன சீசனுக்கு முன்னாடி ஒரு தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"நேத்து 80 கிலோமீட்டர்ணா. இன்னிக்கும் 80."

"ரெஸ்ட் எப்பப்பா?"

"ரெஸ்ட்டா? ரேஸுக்கு இன்னும் ஆறு வாரம்தான்ணா இருக்கு!"

இந்தப் பதிவு அந்த பதிலால் வந்தது. ஓய்வு எடுத்தா பின்தங்கிடுவோம்ங்கிற பயம் அந்தத் தம்பிக்கு மட்டும் இல்ல, நூறு வருஷமா ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் இருந்திருக்கு. அந்தப் பயம் எப்படி உடைஞ்சதுன்னு பார்த்தா நல்ல கதை கிடைக்குது.

கதை சைக்கிளில் தொடங்கலை, ஓட்டத்தில்தான் தொடங்குது. ஃபின்லாந்து, ஸ்வீடன்காரர்கள் வேகத்தை மாத்தி மாத்தி ஓடிப் பார்த்திருக்காங்க. ஆனா அதுக்கு ஒரு கணக்கைக் கொண்டு வந்தது 1930-களில் ஜெர்மனியில் இரண்டு பேர். ஒருவர் பயிற்சியாளர் வோல்டமார் கெர்ஷ்லர், இன்னொருவர் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைன்டெல். அவங்க விதி ரொம்ப எளிமை. குறைந்த தூரம் ஓடி நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 180 வரை ஏத்து. நிறுத்து. 120-க்கு இறங்கட்டும். 90 வினாடிக்குள் இறங்கினா அடுத்த ஓட்டம். இறங்கலையா? வேகம் ஜாஸ்தி, இல்லாட்டி இன்னிக்கு இது போதும், வீட்டுக்குப் போ!

இதயம் பலப்படுறது ஓடும்போது இல்ல, நின்னு துடிப்பு இறங்குற அந்த நேரத்தில்தான்னு அவங்க நம்பினாங்க. அதனால்தான் ஓட்டத்தின் பெயரை விட்டுட்டு இடைவெளியின் பெயரையே பயிற்சிக்கு வெச்சாங்க. இன்னிக்கு விஞ்ஞானிகள் இதை அப்படியே ஏத்துக்கறதில்லை. இடைவெளி இருக்கிறதால ஒரே மூச்சில் செய்ய முடியாத கடுமையான வேலையைத் துண்டு போட்டு அதிக நேரம் செய்ய முடியுதுங்கிறதுதான் இப்போதைய விளக்கம். 1960-ல் ஸ்வீடனில் ஆஸ்ட்ராண்ட் குழு இதைக் காட்டினது ஆய்வுக்கூட சைக்கிளில்தான். சில நிமிடத்தில் ஆளைச் சாய்க்கிற பளுவை, நடுவில் ஓய்வு விட்டு விட்டு மிதிச்சா ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடிஞ்சது.

விளக்கம் எப்படியோ, பலன் கிடைச்சது. கெர்ஷ்லரின் சீடர் ருடால்ஃப் ஹார்பிக் 1939 ஜூலையில் மிலன் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடினார். அந்த சாதனையை 1955 வரைக்கும் யாராலும் அசைக்க முடியலை. பாவம், அதைப் பார்க்க அவர் இல்லை. 1944-ல் போரில் இறந்துட்டார்.

அடுத்து செக் ராணுவ வீரர் எமில் ஸாட்டோபெக். 400 மீட்டரை ஒரே நாளில் 20 தடவை, 40 தடவைன்னு ஓடிப் பழகினவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000, மாரத்தான் மூணுலயும் தங்கம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1954-ம் வருஷக் கதை. நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி கைமாறின அதே வருஷம். இங்கிலாந்தில் ரோஜர் பேனிஸ்டர்ங்கிற மருத்துவ மாணவர் ஒரு மைலை நாலு நிமிடத்துக்குள் ஓடப் பார்க்கிறார். அவரோட பயிற்சி, 440 கஜத்தை 10 தடவை ஓடுறது, நடுநடுவில் 2 நிமிட ஓய்வு. ஒரு சுற்றுக்கு 66 வினாடியில் தொடங்கி 61 வரை வந்துட்டார். அதுக்கு மேல நகரலை. என்ன செஞ்சார் தெரியுமா? ஓட்டத்தை மூட்டை கட்டிட்டு சில நாள் ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போயிட்டார்! திரும்பி வந்து ஓடினா 59. மே 6-ம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் 3 நிமிடம் 59.4 வினாடியில் மைலை முடிச்சார்.

சரி, சைக்கிள் எங்கேன்னு கேக்கறீங்களா? வந்துட்டேன் :-)

சைக்கிள்காரர்கள் இந்த முறைக்கு லேட்டாத்தான் வந்தாங்க. காரணம் ரேஸோட நீளம். 1903-ல் நடந்த முதல் டூர் டி ஃபிரான்ஸ் 2,428 கிலோமீட்டர், அதை ஆறே கட்டத்தில் ஓட்டணும். இவ்வளவு நீள ரேஸுக்கு நீளமா ஓட்டித்தானே பழகணும்? குளிர்காலம் முடிஞ்சதும் பிரான்ஸின் தென்கடற்கரைக்குப் போய் கிலோமீட்டர் சேர்க்கிறது, அங்கே நடக்கிற சின்ன ரேஸ்களையே பயிற்சியா எடுத்துக்கறது, இதுதான் ரொம்ப காலம் வழக்கம். வேகம் வேணும்னா மோட்டார் வண்டிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு ஓட்டுவாங்க. ஐந்து தடவை டூர் ஜெயிச்ச ஜாக் ஆங்கெட்டீலும் அப்படிப் பழகினவர்தான்.

நிலைமையை மாத்தினது அளவுகோல். 1977-ல் தொடங்கின ஃபின்லாந்தின் போலார் கம்பெனி, 1980-களின் தொடக்கத்தில் ஒயர் இல்லாத நாடித்துடிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1984-ல் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ மோசர், விஞ்ஞானிகள் துணையோடு மெக்சிகோவில் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். 1972-ல் எடி மெர்க்ஸ் வெச்ச சாதனை 49.431. (ரத்தம் ஏத்திக்கிட்டதை மோசர் பின்னாடி ஒத்துக்கிட்டார். அப்போ அதுக்குத் தடை இல்லை. அதனால எல்லாப் புகழும் பயிற்சிக்கேன்னு சொல்ல முடியாது.) 1986-ல் ஜெர்மனியின் உல்ரிக் ஷோபரர், மிதிக்கிற சக்தியை வாட் கணக்கில் காட்டும் கருவியைச் செஞ்சார். அதுக்கப்புறம் "நல்லா மிதிச்சேன்"னு யாரும் ரீல் விட முடியலை.

1996-ல் ஜப்பானின் இசூமி தபாட்டா வெளியிட்ட ஆய்வும் சைக்கிளில் செஞ்சதுதான். 20 வினாடி முழு மூச்சு, 10 வினாடி ஓய்வு, ஏழெட்டு சுற்று. ஒரு மணி நேரம் மிதமா மிதிச்சவங்களுக்கும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் திறன் கூடிச்சு. ஆனா சுருக்கமா மிதிச்ச குழுவுக்கு அதோட சேர்த்து காற்றில்லா சக்தியும் 28 சதவீதம் ஏறிச்சு.

உடனே எல்லாரும் தினமும் இண்டர்வெல்னு கிளம்பிடாதீங்க. நார்வேயில் வேலை செய்யும் ஸ்டீஃபன் சைலர், பெரிய வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். பத்தில் எட்டு பங்கு பயிற்சி மெதுவானது, ரெண்டே பங்குதான் கடுமை. நம்ம பசங்க செய்றது இது ரெண்டும் இல்லாத நடுவாந்திரம். தினமும் களைப்பு வர அளவுக்கு வேகம், ஆனா ரேஸில் பிச்சுக்கிட்டுப் போற அளவுக்கு வேகம் இல்லை.

இந்தியாவில் இதுக்கு வரலாறே இல்லைன்னு நினைக்காதீங்க. 1948 லண்டன் ஒலிம்பிக்கிலேயே நம்ம சைக்கிள் அணி ஓட்டியிருக்கு. 1964 டோக்கியோவுக்கு அப்புறம்தான் அந்தக் கதவு மூடிப்போச்சு. 2018-ல் நிக்கோபாரைச் சேர்ந்த ஈஸோ ஆல்பன் ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வாங்கினார். அது டிராக், நம்மது ரோடு. ஆனாலும் தீவிலிருந்து வந்த ஒரு பையனால் முடிஞ்சிருக்கு.

வாட் கருவி விலை பயமுறுத்தும். ஆனா கெர்ஷ்லர் கையில் இருந்தது ஒரு கடிகாரமும் விரல் நுனியும்தான். கழுத்தில் விரல் வெச்சு 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்க. வாரத்துக்கு ரெண்டு நாள், 4 நிமிடம் கடுமை, 4 நிமிடம் மெதுவா, நாலு சுற்று. கடைசிச் சுற்று முதல் சுற்றை விட ரொம்பத் தொங்கினா அன்னிக்கு அதோட நிறுத்திடுங்க. மத்த நாள் பேசிக்கிட்டே ஓட்டுற வேகம் போதும், ஒரு நாள் முழு ஓய்வு. நம்ம ஊரில் மேடு கிடையாது, ஆனா எதிர்காத்து இருக்கு, அதையே மேடா வெச்சுக்கலாம். வெயிலில் அதே உழைப்புக்குத் துடிப்பு கூடுதலாக் காட்டும், அதனால 180, 120ங்கிறதை வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். நெஞ்சுத் தொந்தரவு இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க. ஈ.சி.ஆர். டிராஃபிக்கில் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இதைச் செய்யாதீங்க, வண்டி இல்லாத ரோடாப் பாருங்க.

ரேஸுக்கு ஓட்டுற தம்பி, தங்கச்சி யாராவது உங்க வீட்டில் இருந்தா, பேனிஸ்டர் மலையேறப் போன கதையை மட்டுமாவது சொல்லுங்க.