கழுத்திலே ஒரு கேடயம்

மனிதனுடைய கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக் குழாயை அணைத்தபடி ஒரு சிறு சுரப்பி இருக்கின்றது. அதன் நிறை ஓர் அவுன்சுக்கும் குறைவு. 1656ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து எழுதிய தோமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், கேடயத்தை ஒத்தது என்னும் பொருள்படத் தைரொயிட்டு எனப் பெயரிட்டார். பெயரிட்டவருக்கு அதன் தொழில் தெரியவில்லை. கழுத்துக்கு, சிறப்பாகப் பெண்களின் கழுத்துக்கு, அழகிய திரட்சியைத் தருவதும் அதன் பயன்களுள் ஒன்றென அவர் கருதினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. உமிழ்நீரை வாய்க்குக் கொண்டுவரும் கான் ஒன்றைக் கண்டு விளக்கியவரும் அவரே. அதற்கு இன்றும் அவர் பெயர் வழங்குகின்றது. தைரொயிட்டுச் சுரப்பிக்கோ கான் எதுவும் இல்லை. வாயில்லாத பாத்திரம் போன்ற ஓர் உறுப்பு எதனை எங்கே அனுப்புகின்றது என்று எவர்தாம் ஊகித்திருக்க முடியும்?

இவ்வினாவுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக விடை கிடைக்கவில்லை. கிடைத்தபோது, அது நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஒரு பெருந்தவற்றின் வழியாகவே கிடைத்தது.

சுவிற்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்குகளிலே கண்டக்கழலை மிகுந்திருந்த காலம் அது. கழுத்திலே தொங்கும் வீக்கம் சிலருக்கு முலாம்பழமளவு பெருத்து மூச்சை அடைத்தது. கத்தியால் அதனை அகற்றலாம். ஆயின் குருதி பெருக்கெடுத்தோடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இச்சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோரில் பத்தில் நால்வர் வரை மாண்டனர். இந்நிலையில், 1872ஆம் ஆண்டில் பேர்ண் நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக அமர்ந்தார் தியோடர் கோக்கர். அவருடைய கை நிதானமானது. குருதிக் குழாய் ஒவ்வொன்றையும் பிடித்துக் கட்டி, சுரப்பியை எச்சமின்றி எடுப்பார். நோயாளர் பிழைத்தனர், புண் ஆறியது, மகிழ்ச்சியோடு வீடு சென்றனர்.

1874ஆம் ஆண்டில் அவ்வாறு வீடு சென்றவர்களுள் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். சிகிச்சைக்குப் பின் அவளுடைய இயல்பே மாறிவிட்டதென்று, அவளை அனுப்பிய வைத்தியர் பின்னொருகால் கோக்கரிடம் கூறினார். அச்செய்தி அப்படியே கிடந்தது. 1882ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், செனீவா நகரத்து இரெவெர்டின் என்னும் சத்திரவைத்தியர், தாம் சுரப்பி முழுவதையும் அகற்றிய சிலர் நாளடைவில் சோர்ந்து, வெளிறி, வீங்கி வருவதைக் கோக்கருக்குச் சொன்னார். அப்பொழுதுதான் கோக்கர் விழித்துக்கொண்டார்.

அவர் தம் பழைய நோயாளருக்குக் கடிதம் எழுதி அவர்களைத் திரும்ப அழைத்தார். சுரப்பி முற்றாக அகற்றப்பட்டவர் 34 பேர். அவர்களுள் அவர் மீண்டும் பார்வையிட முடிந்தவர் 18 பேர். அந்தப் 18 பேரில் 16 பேர் நலங்குன்றியிருந்தனர். முகமும் கைகளும் ஊதியிருந்தன. குளிரைத் தாங்க முடியவில்லை. பேச்சும் நடையும் நினைவும் மந்தமடைந்திருந்தன. முன்னர் குறித்த சிறுமியும் வந்தாள். அவளுக்கு ஒரு தங்கை. சிகிச்சைக்கு முன் இருவரையும் ஒருவரென மயங்குவார்களாம். இப்போது தங்கை வளர்ந்த பெண்ணாக நின்றாள். தமக்கையோ குள்ளமாய், பருத்த முகத்தோடு, அறிவு மங்கிய குழந்தை போல நின்றாள்.

தம் புகழுக்கு ஊறு நேருமென்று கோக்கர் இதனை மறைக்கவில்லை. 1883ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் பேர்லினிற் கூடிய ஜேர்மன் சத்திரவைத்தியர் மகாநாட்டில் யாவற்றையும் எடுத்துரைத்தார். புற்றுநோய் போன்ற கொடிய நிலையிலன்றிச் சுரப்பியை முழுமையாக இனி அகற்றலாகாதென்றும் தீர்மானித்தார். நோயின் காரணத்தை அவர் முதலிற் பிழையாகவே விளக்கினார். மூச்சுக் குழாய்க்கு நேர்ந்த கேடு என எண்ணினார். உண்மைகளைச் சரியாகச் சேர்த்தவர் கருத்திலே தவறினார் என்பதால் அவர் செய்தது சிறிதாகிவிடாது.

இங்கே வேடிக்கையான ஒரு செய்தியும் உண்டு. வியன்னாவில் இதே சிகிச்சையைச் செய்த பில்ரொத் என்பாரின் நோயாளர் பலருக்கு இம்மந்த நோய் வரவில்லை. மாறாகத் தசை இழுப்பு வந்தது. பிற்காலத்தில் அமெரிக்கச் சத்திரவைத்தியர் ஹால்ஸ்டெட் இதற்குக் காரணம் சொன்னார். பில்ரொத் விரைந்து வெட்டுபவர். தைரொயிட்டின் துணுக்குகள் சில தங்கிவிடும், அதன் பின்னுள்ள நுண்ணிய பரதைரொயிட்டுச் சுரப்பிகளோ உடன் போய்விடும். கோக்கரின் கையில் அச்சிறு சுரப்பிகள் தப்பின. தைரொயிட்டில் மட்டும் ஒரு துணுக்கேனும் எஞ்சவில்லை. அவருடைய செம்மையான கைத்திறனே நோயாளருக்கு வினையாயிற்று.

இலண்டனில் சேமொன் என்னும் மருத்துவர், கோக்கர் கண்ட நோயும், நடுவயதுப் பெண்களுக்குத் தானாகவே வருகின்ற மிக்செடிமா என்னும் வீக்க நோயும் ஒன்றே, இரண்டுக்கும் தைரொயிட்டின் இழப்பே காரணம் என்று 1883இல் கூறினார். கேட்டவர்கள் நகைத்தனர். ஆயினும் ஆராய்வதற்கு ஒரு குழு அமைந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1888இல், சேமொன் கூறியதே சரியென அக்குழு அறிக்கை விடுத்தது.

இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் என்ன? லிஸ்பன் நகர மருத்துவர் இருவர் ஆட்டின் தைரொயிட்டு ஒன்றின் பாதியை ஒரு பெண்ணின் தோலுக்கடியிற் பதித்தனர். மறுநாளே அவள் தேறினாள். ஒட்டிய உறுப்பு ஒரே நாளில் வேரூன்றியிராது. எனவே அதனுள்ளிருந்த சாறே குருதியிற் கலந்து குணந்தந்திருக்க வேண்டும். அப்படியாயின் சாற்றை மட்டும் கொடுத்தாற் போதாதா என்று சிந்தித்தவர், இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஜோர்ஜ் மறே. அவர் அப்போது இருபத்தைந்து வயது கடந்த இளைஞர். 1891ஆம் ஆண்டில் ஆட்டின் சுரப்பியிலிருந்து சாறெடுத்து, 46 வயதான ஒரு பெண்ணுக்கு ஊசி மூலம் ஏற்றினார். சில மாதங்களில் வீக்கம் வற்றியது, பேச்சுத் தெளிந்தது. அடுத்த ஆண்டே ஊசி வேண்டா, உண்டாலும் பலிக்கும் என்பது தெரிந்தது. அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் 74ஆம் வயதில் இறந்தார். அதுகாறும் அவருக்காகப் பயன்பட்ட ஆடுகள் 870க்கும் மேல் என மறே கணக்குக் காட்டினார்.

கானில்லாத சுரப்பி தன் பொருளைக் குருதியிலேயே சொரிகின்றது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. இத்தகைய பொருள்களுக்கு ஓமோன் என்னும் பெயரை, தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து, 1905இல் இலண்டன் பேராசிரியர் ஸ்டார்லிங் வழங்கினார். தைரொயிட்டில் அயடீன் இருப்பதை 1895இல் பௌமன் கண்டார். 1914ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று அமெரிக்காவில் கெண்டல் அதன் ஓமோனைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். பன்றிச் சுரப்பி ஏறத்தாழ 3 தொன்னிலிருந்து அவர் திரட்டிய தைரொக்சின் 33 கிராம் மாத்திரமே.

இச்சிறுதுளி உடலின் ஒவ்வோர் உயிரணுவும் எவ்வளவு வேகமாக எரிய வேண்டுமென்று விதிக்கின்றது. குருதியிலே தைரொக்சின் குறைந்தால், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி வேறோர் ஓமோனை அனுப்பித் தைரொயிட்டை முடுக்கும். கூடினால் முடுக்குவதைத் தளர்த்தும். இப்பொழுது சுவிற்சர்லாந்துக் கழலையின் மருமம் துலங்குகின்றது. பண்டைப் பனிக்கட்டியாறுகள் சுரண்டிச் சென்ற அந்த மண்ணிலே அயடீன் அரிது. அயடீனின்றித் தைரொக்சின் ஆகாது. கபச்சுரப்பியோ விடாது முடுக்கியது. முடுக்கப்பட்ட சுரப்பி, கிடைத்த சிறிதளவையும் பற்றிக்கொள்ளத் தன்னைப் பெருக்கிப் பெருக்கிக் கழலையாயிற்று. பேர்ண் நகரத்திற் கோக்கர் வெட்டியெடுத்தது, இல்லாத உணவுக்காக ஓயாது உழைத்த ஓர் உறுப்பையே.

இத்துறையில் ஆற்றிய பணிக்காகக் கோக்கருக்கு 1909இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1917இல் அவர் மறைந்தார். தம் வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கழலைகளுக்குச் சிகிச்சை செய்தார். இறுதிக் காலத்தில் மரணம் நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்திருந்தது. அவர் மறைந்து ஐந்தாண்டுகளின் பின், 1922இல், சுவிற்சர்லாந்தில் சமையலுப்புடன் இம்மியளவு அயடீனைச் சேர்த்து விற்கத் தொடங்கினர். கத்தி செய்த வேலையின் பெரும்பகுதியை உப்பு எடுத்துக்கொண்டது.

இலங்கையிலும் தென்மேற்கு ஈரவலயத்து ஊர்களிற் கண்டக்கழலை நெடுங்காலமாக அறியப்பட்ட நோயே. 1995ஆம் ஆண்டில், உண்ணும் உப்பில் அயடீன் இருத்தல் வேண்டுமென இங்கும் சட்டம் விதிக்கப்பட்டது.