ஹமீனா: காகித ஆலை தரவு மையமான வரலாறு

பின்லாந்தின் தென்கிழக்குக் கரையில் உள்ள சிறிய துறைமுக நகரம் ஹமீனா. அங்கே 1950களில் ‘சும்மா’ (Summa) என்ற பெயர் கொண்ட காகித ஆலை எழுந்தது. அதன் இயந்திரக் கூடத்தை வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ. அரை நூற்றாண்டு காலம் அச்சுத்தாள் தந்த அந்த ஆலையை, இலாபம் சரிந்ததால் ஸ்டோரா என்சோ நிறுவனம் 2008இல் மூடியது.

மறு ஆண்டே கூகுள் அதைச் சுமார் 4 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2011இல் அங்கே அதன் தரவு மையம் இயங்கத் தொடங்கியது. ஆலைக்காகப் பாறையைக் குடைந்து அமைத்திருந்த பழைய சுரங்கம் வழியாகவே கணினிகளைக் குளிர்விக்கப் பின்லாந்து வளைகுடாவின் குளிர்ந்த நீர் உள்ளே வருகிறது. கடல்நீர் கணினிகளின் பக்கம் போவதில்லை. சர்வர்களின் சூட்டை ஏந்தி வரும் நன்னீர் வேறு குழாயில் ஓடுகிறது. வெப்பப் பரிமாற்றியில் இரண்டும் கலக்காமலே சூடு மட்டும் கடல்நீருக்குக் கைமாறுகிறது. வெளியேறும் நீருடன் புதிய கடல்நீரைக் கலந்து, சூட்டைத் தணித்த பிறகே கடலில் விடுகிறார்கள். மின்சாரத்தை விழுங்கும் குளிரூட்டும் இயந்திரங்களுக்கு இங்கே வேலையில்லை. இருந்ததை இடிக்காமல் பயன்படுத்திக்கொண்டதே இதன் பெரும் சிறப்பு.

ஆனாலும் அந்த வெப்பம் பல ஆண்டுகள் கடலிலேயே வீணானது. அதை நகரின் பொது வெப்பக் குழாய்களுக்குத் தரும் திட்டம் 2024இல்தான் அறிவிக்கப்பட்டது. குளிர்நாட்டில் இது முதல் நாளிலிருந்தே நடந்திருக்க வேண்டும்.