பல் செட்டா, இம்ப்ளாண்டா? கீழ்த்தாடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பற்கள் எல்லாம் விழுந்துவிட்ட வீடுகளில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம். "அம்மாவுக்கு நல்லதாகவே செய்வோம்" என்று பிள்ளைகள் இம்ப்ளாண்டுக்குக் கடன் வாங்கவும் தயாராக இருப்பார்கள். அம்மாவோ, "இந்த வயசுல எனக்கு எதுக்கு?" என்று இருக்கிற பல் செட்டையும் அலமாரியில் வைத்துவிட்டுக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வார். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றல்ல.

மேல் பல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் இடம் கிடைக்கிறது. எச்சில் படலத்தின் உதவியோடு அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சரியாக அளவெடுத்துச் செய்தால் பெரும்பாலோருக்கு அதுவே போதும். கீழே அப்படி அல்ல. குதிரை லாடம் போன்ற ஒரு குறுகிய மேட்டில்தான் பல் செட் உட்கார வேண்டும். பேசும்போதும் விழுங்கும்போதும் நாக்கு அதைத் தூக்கிவிடும். "செட் ஆடுது, குத்துது" என்று வருகிறவர்களில் பெரும்பாலோரின் குறை கீழ்ச் செட்டைப் பற்றித்தான்.

இன்னொரு காரணம் எலும்பு. பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும். பல் பிடுங்கிய முதல் ஆண்டில் வேகம் அதிகம், பிறகும் அது நிற்பதில்லை. கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைவிட ஏறக்குறைய 4 மடங்கு தேய்கிறது. தோட்டப்புறத்தில் பல்வலி என்றால் பல்லைப் பிடுங்குவதுதான் வைத்தியம் என்றிருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, முப்பது நாற்பது வயதிலேயே கடைவாய்ப் பற்கள் போயிருக்கும். எழுபது வயதில் பல் செட் நிற்காததற்குச் செய்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

இங்கே நம் ரப்பர் கதையும் வருகிறது. இன்று பல் செட்டின் அடித்தகடு அக்ரிலிக்கில் செய்யப்படுகிறது. அது வந்தது 1930களில். அதற்கு முன் 1850களிலிருந்து அந்தத் தகட்டைக் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரில்தான் செய்தார்கள். தந்தத்திலும் தங்கத்திலும் செய்து பணக்காரர் மட்டும் அணிந்த பொய்ப்பல், ரப்பர் வந்த பிறகுதான் சாதாரண மக்களுக்கும் எட்டியது. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. பிறகு பேராக் முழுவதும் பரவிய அந்த மரத்தில் பால் வெட்டியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

இம்ப்ளாண்ட் கதை தொடங்கியது சுவீடனில். பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற மருத்துவர் 1952இல் முயலின் காலில் பொருத்திய டைட்டேனியம் கருவி எலும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்ததைக் கவனித்தார். 1965இல் முதல் மனிதருக்குப் பொருத்தினார். தாடையில் ஒரு சிறு டைட்டேனியம் திருகாணியை இறக்கி, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதம் விட்டு, அதன்மேல் பல் வைப்பதுதான் முறை. தனியாரிடம் ஒரு பல்லுக்கே பல ஆயிரம் வெள்ளி ஆகும்.

எல்லாப் பல்லுக்கும் இம்ப்ளாண்ட் என்றால் யாரால் முடியும்? ஆனால் நடுவழி ஒன்று உண்டு. கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, கீழ்ச் செட்டைச் சட்டையின் பிரஸ் பட்டன்போல அதில் மாட்டிவிடலாம். இரவில் கழற்றலாம். ஏற்கெனவே உள்ள செட் நன்றாக இருந்தால் பல சமயம் அதையே மாற்றியமைக்கலாம். கனடாவின் மொன்றியலில் 2002இல் கூடிய வல்லுநர்கள், பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். என் கருத்தும் அதுதான்: மேலே சாதாரண செட், காசு இருந்தால் கீழே இரண்டு இம்ப்ளாண்ட். கிளினிக்கில் இதை அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

சாதாரண முழுச் செட்டில் கடிக்கும் பலம் சொந்தப் பல்லில் கால் பங்கு இருந்தாலே பெரிது. புந்தோங் கச்சாங் பூத்தேயும் முறுக்கும் அதற்குச் சிரமம்தான். முதல் சில வாரங்கள் மென்மையான உணவு, சிறு துண்டு, இரண்டு பக்கமும் மெல்லுவது என்று பழக வேண்டும். புண் வந்தால் செட்டை நீங்களே அரத்தால் ராவாதீர்கள். செய்தவரிடமே போங்கள்.

இம்ப்ளாண்டுக்கு முன் பார்க்க வேண்டியது இனிப்புநீர். கட்டுப்பாட்டில் இருந்தால் இனிப்புநீர் உள்ளவரும் வைத்துக்கொள்ளலாம். கட்டுப்பாடு இல்லையென்றால் புண் ஆறாது, திருகாணி ஆடும். எஸ்டிஆர் உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இம்ப்ளாண்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அதை மறைக்கக் கூடாது.

வெற்றிலை பாக்குப் பழக்கம் தனி விஷயம். பாக்கினால் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி வாய் திறப்பது குறையும். அளவெடுக்கும் தட்டே உள்ளே போகாத நிலை வரலாம். வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் செட்டையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு அதைக் காட்டுங்கள். அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம்.

அரசாங்கப் பல் கிளினிக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் கட்டுபவரிடம் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழற்ற முடியாமல் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடும் அந்த வேலையில் உணவு அடைந்து, நல்ல பல்லும் சேர்ந்து போகும். 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. மருத்துவரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். ஜப்பானில் 85 வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. சுடுதண்ணீர் வேண்டாம், செட் வளைந்துவிடும். பற்பசை தகட்டைக் கீறும். சாதாரண சோப்பும் மென்மையான பிரஷும் போதும். தேய்க்கும்போது கீழே ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், கை நழுவி விழுந்தாலும் உடையாது.