ரெண்டு சூரிய உதயம் பார்த்த ஃபிளைட்

எங்க ஊர் சுந்தரபாண்டியத்துக்குப் பக்கத்து ஏர்போர்ட்னா மதுரைதான். போன வாரம், ரெண்டு ஊருக்கு நடுவுல உள்ள வான்வழி தூரத்தைக் கணக்குப் போட ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தா ஹேவர்சைன் ஃபார்முலா தூரத்தைச் சொல்லிடும். நான் கொடுத்த முதல் ஜோடி, ஆஸ்திரேலியாவோட பெர்த்தும் இலங்கையில காலி பக்கத்துல இருக்கிற கொக்கலவும். விடை: சுமார் 5,650 கிலோமீட்டர்.

ஏன் இந்த ரெண்டு ஊர்? 1942 பிப்ரவரி 15 அன்னிக்கு சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்துச்சு. சிட்னியில இருந்து லண்டன் போற விமானப் பாதை அந்த வழியாத்தான் போச்சு. பாதை அறுந்ததும், இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சுல தாண்ட முடிவு பண்ணாங்க.

1943 ஜூன் கடைசியில குவாண்டாஸ் அந்தச் சேவையைத் தொடங்குச்சு. கேட்டலினாங்கிற கடல் விமானம், பெர்த்ல ஆத்துல இருந்து கிளம்பி கொக்கல ஏரியில இறங்கும். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர்தான். அதனால பயணம் 27 மணி நேரத்துல இருந்து 32 மணி நேரத்துக்கு மேல வரைக்கும் நீளும். எரிபொருள் பாரத்தால பயணிகள் மூணு பேர், தபால் 69 கிலோ, அவ்வளவுதான். எதிரி கேட்டுடக் கூடாதுன்னு ரேடியோவை மௌனமா வச்சு, நட்சத்திரங்களைப் பார்த்தே திசை பிடிச்சாங்க. வழியில ரெண்டு தடவை சூரியன் உதிக்கும். அதைப் பார்த்த பயணிகளுக்கு ஒரு சான்றிதழும் உண்டு! 1945 ஜூலை வரைக்கும் 271 தடவை கடந்தாங்க. ஒரு விமானம்கூட விழலை.

இன்னிக்கு பெர்த்–லண்டன் 14,500 கிலோமீட்டரை 17 மணி நேரத்துல தாண்டுறோம். இதோட எபிசோடை முடிச்சிருப்பேன். ஆனா அப்பத்தா சொன்னது ஞாபகம் வந்துச்சு. அவங்க சித்தப்பா மலேயா தோட்டத்துல வேலை பார்த்தவர். "சண்டைக்காலம் முழுக்க ஒரு காயிதம் வரலைய்யா. உசுரோட இருக்காரான்னே தெரியாது"ன்னாங்க.

அடுத்த ஜோடியைக் கொடுத்தேன். சுந்தரபாண்டியம்–பினாங்கு, சுமார் 2,500 கிலோமீட்டர். கொக்கல தூரத்துல பாதிகூட இல்லை. ஆனா நாகப்பட்டினத்துல இருந்து போன கப்பலும் இல்லை, வழக்கமான தபாலும் இல்லை. அதே 1942–43ல சயாம்–பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர், போட்டாங்க. மலேயாத் தோட்டங்கள்ல இருந்து ஏமாத்தியும் மிரட்டியும் கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்க செத்தாங்க. சாவுச் செய்திகூட வீடு வந்து சேரலை.

தூரத்தை ஃபார்முலா சொல்லிடும். பயண நேரத்தைச் சொல்ல, யாருக்காக விமானம் கிளம்புதுன்னும் தெரியணும். அதிகாரிகளோட தபால் சுமார் 30 மணி நேரத்துல கடல் தாண்டுச்சு. அப்பத்தா வீட்டுக்கு வர வேண்டிய ஒரு காகிதத்துக்கு மூணரை வருஷம் ஆச்சு.

உங்க வீட்லயும் மலேயா, பர்மா, சிலோன் போனவங்க இருந்தா, பெரியவங்ககிட்ட இன்னிக்கே கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.